பண்டோரா இன்: கார்ன்வால் கழிக்கரையில் ஒரு பழைய சத்திரம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கிலாந்துக்குப் போகும் நண்பர்களிடம் லண்டனை முடித்துவிட்டு கார்ன்வாலுக்கும் ஒரு எட்டு போய் வாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. அங்கே போனால் தவறவிடக் கூடாத இடம் பண்டோரா இன் என்ற கிராமத்துப் பப். அதைச் சொன்னதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பண்டோரா இன் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மாவட்டம் கார்ன்வால். அதன் தென்கரையில் ஃபால்மவுத் துறைமுகமும், உள்ளே தள்ளி ட்ரூரோ நகரமும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில், மைலர் பிரிட்ஜ் கிராமத்தை அடுத்து, ரெஸ்ட்ராங்கெட் என்ற உப்பங்கழி நிலத்துக்குள் புகுந்து போகிறது. அந்தக் கழியின் கரையில், தண்ணீரை ஒட்டி, வேய்ந்த கூரையும் வெள்ளைச் சுவருமாக நிற்பதுதான் பண்டோரா இன். பக்கத்தில் கடைத்தெரு கிடையாது. குறுகலான சந்துச்சாலை ஒன்று மேட்டிலிருந்து சரிந்து வந்து தண்ணீர் அருகில் முடிகிறது.

எவ்வளவு பழைய கட்டடம்?

13ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு பண்ணை இருந்தது என்றும், கட்டடத்தின் சில பகுதிகள் அந்தக் காலத்தவை என்றும் சொல்கிறார்கள். ஆனால் நாம் இன்று பார்க்கும் வீடு ஒரே காலத்தில் கட்டியதல்ல. பல தலைமுறைகள் ஒட்டியும் வெட்டியும் சேர்த்ததன் மொத்தம் அது. தரையில் கற்பலகைகள் பாவியிருக்கிறார்கள். உத்தரங்கள் தாழ்வானவை, உயரமானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திரும்பித் திரும்பிப் போகின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருப்பதால், இதன் பழமையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும்.

ஊரைவிட்டுத் தள்ளி, கழிக்கரையில் எதற்காகச் சத்திரம் வைத்தார்கள்?

இன்று அது மூலையில் கிடக்கும் இடமாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் அது பெருவழி. பாலங்களும் நல்ல சாலைகளும் வருவதற்கு முன், ட்ரூரோவிலிருந்து ஃபால்மவுத் போகிறவர்கள் இந்தக் கழியை ஓடத்தில் கடந்தார்கள். இந்த இடத்துக்கு இன்றும் ரெஸ்ட்ராங்கெட் பாசேஜ் என்றுதான் பெயர். பாசேஜ் என்றால் இங்கே ஓடத்துறை. சத்திரத்துக்கும் முதலில் பாசேஜ் ஹவுஸ் என்று பெயர் இருந்தது. பிறகு ஷிப் என்று ஆனது, அதற்குப் பிறகுதான் பண்டோரா.

ஃபால்மவுத் சாதாரணத் துறைமுகம் அல்ல. 1680களின் இறுதியிலிருந்து 1850 வரை, பிரிட்டனின் அஞ்சல் கப்பல்கள் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்ட இடம் அது. 1805இல் டிரஃபால்கர் கடற்போரின் வெற்றிச் செய்தியும் தளபதி நெல்சனின் மரணச் செய்தியும் முதலில் கரைக்கு வந்ததும் ஃபால்மவுத்தில்தான். பிக்கிள் என்ற சிறு போர்க்கப்பல் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட ஊருக்குப் போகும் வழியில், காற்றும் மழையுமான நாளில் ஓடத்துக்குக் காத்திருக்கிறவர்களுக்கு நெருப்பும் சாப்பாடும் கொடுக்க ஒரு வீடு வேண்டாமா? நம் ஊர்ப் பெருவழிகளில் சத்திரம் வைத்ததும் இதே தேவைக்குத்தான். அதனால் பண்டோராவைப் பப் என்பதைவிடச் சத்திரம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால் சரியாகப் புரியும்.

பண்டோரா என்ற பெயர் எப்படி வந்தது?

ஒரு கப்பலின் பெயர் அது. கதை கொஞ்சம் நீளம்.

1789 ஏப்ரல் 28 அன்று பசிபிக் கடலில் பவுன்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் நடந்தது. கப்பல் தலைவர் பிளையையும் அவர் பக்கம் நின்ற 18 பேரையும் ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டுக் கலகக்காரர்கள் போய்விட்டார்கள். பிளை அந்தப் படகிலேயே தீமோர் வரை வந்து உயிர் தப்பி, லண்டன் போய்ச் சேர்ந்தார். கலகக்காரர்களைப் பிடித்துவர 24 பீரங்கிகள் கொண்ட பண்டோரா என்ற போர்க்கப்பலைக் கடற்படை 1790 நவம்பரில் அனுப்பியது. தலைவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ்.

1791 மார்ச்சில் தஹிதி தீவில் 14 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் சிலர் கலகத்தில் சேராமல், படகில் இடமில்லாததால் பவுன்டியிலேயே தங்கிவிட்டவர்கள். எட்வர்ட்ஸ் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. மேல்தளத்தில் 18 அடி நீளம், 11 அடி அகலத்தில் ஒரு கூண்டு கட்டி, விலங்கிட்டு எல்லோரையும் அதில் அடைத்தார். மாலுமிகள் அதற்கு வைத்த பெயர் ‘பண்டோராவின் பெட்டி’.

ஆகஸ்ட் 28 மாலையில், ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத்திட்டில் கப்பல் மோதியது. மறுநாள் காலையில் மூழ்கியது. கப்பலாட்கள் 31 பேரும் கைதிகள் 4 பேரும் இறந்தார்கள். கூண்டைக் கடைசி நேரத்தில்தான் திறந்தார்கள். விலங்கோடு மூழ்கியவர்களும் உண்டு. பிழைத்தவர்கள் நான்கு படகுகளில் தீமோர் போய்ச் சேர்ந்தார்கள். இங்கிலாந்து வந்த 10 கைதிகளையும் 1792இல் விசாரித்து, நான்கு பேரை விடுவித்தார்கள். ஆறு பேருக்கு மரண தண்டனை. அதில் மூன்று பேருக்குத் தண்டனை நிறைவேறவில்லை, மற்ற மூன்று பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

கப்பலின் சிதைவு 1977இல் கிடைத்தது. அங்கிருந்து எடுத்த பொருள்களை இன்று ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அந்த எட்வர்ட்ஸ்தான் இந்தச் சத்திரத்தை வாங்கினாராமே?

அப்படி ஒரு பேச்சு இருக்கிறது. கப்பலை இழந்ததற்காக அவரைக் கடற்படை விசாரித்தது, குற்றமில்லை என்று விட்டுவிட்டது. இதுவரை ஆவணத்தில் உள்ளது. திரும்பி வந்தவர் இந்தச் சத்திரத்தை வாங்கிப் பெயர் மாற்றினார் என்பது வாய்வழியாக வருவது. அதை ஊர்க்கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயர்ப்பலகையின் கீழே உட்காரும்போது அந்த 35 பேரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். பலகையில் இருப்பது அவர்கள் மூழ்கிய கப்பலின் பெயர்.

கரையில் உட்கார்ந்தால் என்ன தெரியும்?

எந்த நேரத்தில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ரெஸ்ட்ராங்கெட் ஒரு மூழ்கிய பள்ளத்தாக்கு. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, ஃபால் ஆறும் அதன் கிளைகளும் ஓடிய பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்துகொண்டது. நடுவில் கேரிக் ரோட்ஸ் என்ற ஆழமான நீர்ப்பரப்பு, அதிலிருந்து விரல்கள்போலப் பிரியும் கழிகள். அவற்றில் ஒரு விரலின் அடியில், கழியின் வாய்க்குக் கொஞ்சம் உள்ளே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிர்க்கரையில் மரங்கள் அடர்ந்த ரெஸ்ட்ராங்கெட் முனை.

இங்கே பெரிய ஓதத்தில், அதாவது கடல்நீர் அதிகமாக ஏறி இறங்கும் நாள்களில், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் சுமார் 5 மீட்டர் வித்தியாசம் உண்டு. ராமேஸ்வரம் பக்கம் ஒரு மீட்டர்கூட ஏறாத கடலைப் பார்த்துப் பழகிய நமக்கு அது வேறு உலகம். ஏற்றத்தில் தண்ணீர் சத்திரத்தின் வாசல்வரை நெருங்கி வந்து, படகுகள் நம் கண்மட்டத்தில் ஆடும். ஆறு மணி நேரம் கழித்து வந்தால் கழியின் பெரும்பகுதி சேறு. படகுகள் சாய்ந்து கிடக்க, கொக்கும் உள்ளான்களும் இரை பொறுக்கும். இரண்டும் ஒரே மேசையிலிருந்து பார்க்கக் கிடைக்கிற காட்சி. எனக்கு இரண்டும் பிடிக்கும். முதல் தடவை போகிறவர்கள் மட்டும் ஏற்றத்தில் போகட்டும்.

சத்திரத்துக்கு முன்னால் நீருக்குள் ஒரு மிதவைத் துறை நீள்கிறது. ஓதத்தோடு அதுவும் ஏறி இறங்கும். அதன்மேல் மேசைகள் போட்டிருக்கிறார்கள். தண்ணீரின் நடுவில் சாப்பிடுவது போலவே இருக்கும்.

ஓத நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஃபால்மவுத் ஓத அட்டவணையைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிட இடைவெளி, அதனால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஓரிரு நாள் கழித்து வருவது பெரிய ஓதம். ஃபால்மவுத்தில் அது காலையிலும் மாலையிலும் வரும், நடுப்பகலில் வற்றம் இருக்கும். ஆகவே கோடையில் பௌர்ணமியை அடுத்த நாள்களில் மாலைச் சாப்பாட்டுக்குப் போனால், கழி நிறைந்து கிடக்கும்போது வெளிச்சமும் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நீர் வேண்டுமென்றால் அஷ்டமியை ஒட்டிய நாள்கள் நல்லது. அப்போது ஏற்றம் சிறியது, ஆனால் உச்சிப்பொழுதை ஒட்டி வரும்.

ஒரு எச்சரிக்கை: பெரிய ஓதத்தில் கரையோரம் வண்டி நிறுத்தும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சக்கரத்தைத் தேடி வரும்.

இவ்வளவு அமைதியான கழியில் சுரங்கக் கழிவு இருக்கிறது என்கிறார்களே?

உண்மைதான், இதைச் சொல்லாமல் விட்டால் இந்த நீரைப் பாதிதான் சொன்னதாகும். கழியின் தலைப்பில் வந்து சேரும் கார்னன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, உலகத்துக்கே செம்பும் தகரமும் கொடுத்த பூமி. கழியின் மேல்கோடியில் டெவோரன் என்ற சிறு துறைமுகம். 1820களில் ரெட்ரூத் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து அங்கே தாது கொண்டுவர ரயில் பாதை போட்டார்கள், முதலில் குதிரைகள்தான் இழுத்தன. பெரான் வார்ப்பட ஆலையில் செய்த நீராவி எந்திரங்கள் சுரங்கத் தண்ணீரை இறைத்தன. கழியின் சேற்றுக்கு அடியிலும்கூடத் தகரம் தோண்டியிருக்கிறார்கள். இந்தப் பகுதி 2006இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. வீல் ஜேன் என்ற தகரச் சுரங்கம் மூடப்பட்டு, இறைப்பதும் நின்றபின், 1992 ஜனவரியில் பல கோடி லிட்டர் அமிலநீர் உடைத்துக்கொண்டு வெளியேறியது. கார்னன் ஆறும் இந்தக் கழியும் செம்மஞ்சளாக மாறின. அதற்குப் பிறகு சுத்திகரிப்பு நிலையம் அமைத்து இன்றுவரை அந்த நீரைச் சுத்தம் செய்கிறார்கள். நீர் இப்போது தெளிவாக இருக்கிறது. சேற்றில் ஆர்செனிக், செம்பு போன்றவை இன்னும் தங்கியிருக்கின்றன. பிள்ளைகள் சேற்றில் விளையாடினால் சாப்பிடும் முன் கை கழுவச் சொல்லுங்கள்.

தீப்பிடித்து எரிந்தது என்று படித்தேன். இப்போது இருப்பது புதுக் கட்டடமா?

2011 மார்ச் 24 அன்று கூரையில் தீப்பிடித்தது. மேல்மாடியும் கூரையும் போய்விட்டன. கீழ்த்தளத்துப் பழைய அறைகள் தப்பின. வேய்ந்த கூரையில் தீ உள்ளுக்குள் பரவும். மேலே மழைக்காகத் தடிமனாக வேய்ந்திருப்பதால் வெளியிலிருந்து அடிக்கும் தண்ணீர் உள்ளே போகாது. தீயணைப்பு வீரர்கள் கூரையைப் பிரித்தெடுத்துதான் அணைக்க வேண்டும். கூரை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இடித்துவிட்டு ஓட்டுக் கூரையில் புதிதாகக் கட்டுவது சுலபமாக இருந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. மரவேலையைப் பழைய முறையிலேயே செய்து, மறுபடி வேய்ந்து, 2012 மார்ச்சில் திறந்தார்கள். ஆகவே நீங்கள் பார்க்கும் கூரை புதியது, அதன் கீழே இருப்பது பழையது. எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. வேய்ந்த கூரை எப்படியும் சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை மாற்றப்படுவதுதான். கூரையை மாற்றி மாற்றித்தான் இந்த வீடு இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கிறது.

நான் குடிப்பதில்லை. போகலாமா?

தாராளமாக. பப் என்றதும் நமக்கு டாஸ்மாக் கடையும் அதன் பக்கத்து பாரும் மனதில் வந்து தயக்கம் ஏற்படுகிறது. கிராமத்துப் பப் அப்படியல்ல. பாட்டி, பேரன், நாய் எல்லோரும் ஒரே மேசையில் இருப்பார்கள். தேநீர், காப்பி, எலுமிச்சைச் சோடா, ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாம் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பெண்கள் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டு வருவது சாதாரணம். 2007 ஜூலையிலிருந்து உள்ளே புகை பிடிக்கத் தடை.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். அவர்களுக்குத்தான் இங்கே அதிகக் கொண்டாட்டம். மிதவைத் துறையின் ஓரத்தில் குப்புறப் படுத்து நூலில் இரை கட்டி நண்டு பிடிப்பார்கள். பிடித்த நண்டுகளை ஒரு வாளிக் கடல்நீரில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப நீரில் விடுவது வழக்கம். வாளியில் நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று கிள்ளிக்கொள்ளும், அதனால் நாலைந்துக்கு மேல் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஆழம் ஓதத்தைப் பொறுத்து மாறும்.

எப்படி ஆர்டர் செய்வது?

பானத்தைப் பொதுவாக நீங்களே கவுன்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து, கையில் வாங்கி வர வேண்டும். மேசைக்கு ஆள் வரும் என்று காத்திருக்காதீர்கள். வரிசை நிற்பதில்லை, ஆனால் யார் முதலில் வந்தார் என்பது கவுன்டரில் இருப்பவருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும். முந்திப் பேசினால் நன்றாக இராது. நாலு பேராகப் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார். அடுத்த சுற்று வேறொருவர். பானத்துக்கு டிப்ஸ் தேவையில்லை. சாப்பாட்டுக்கு முன்பதிவு உண்டு, கோடை விடுமுறையில் முன்பதிவு இல்லாமல் போவது சரிவராது.

பீர் வெதுவெதுப்பாக இருக்குமாமே?

நிலவறைக் குளிர்ச்சியில் இருக்கும், அதாவது 11 முதல் 13 டிகிரி. பீப்பாய்க்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் பீரைக் கைப்பிடி பம்பால் இறைத்து ஊற்றுவார்கள். அதிகமாகக் குளிர்வித்தால் மணம் அடங்கிவிடும் என்பதால் அந்த அளவு. ஒரு பைன்ட் 568 மில்லி. சுவைத்துப் பார்க்க அரை பைன்ட் போதும்.

பண்டோரா, செயின்ட் ஆஸ்டெல் ப்ரூவரியைச் சேர்ந்தது. 1851இல் வால்டர் ஹிக்ஸ் தொடங்கிய கார்ன்வால் நிறுவனம் அது. ஆகவே அவர்களுடைய ட்ரிப்யூட் போன்ற பீர்கள் கிடைக்கும். வண்டி ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம். சட்ட அளவு ஒன்று இருக்கிறதுதான், ஆனால் அந்தச் சந்துச்சாலைகளில் எதிரே வண்டி வந்தால் வேலியோரம் பின்னால் எடுத்துத்தான் வழிவிட வேண்டும். முழுக் கவனம் வேண்டிய இடம்.

சாப்பிட என்ன சொல்லலாம்? சைவம் உண்டா?

கடலோரம் என்பதால் மீன், நண்டு, சிப்பி வகைகளைத்தான் முதலில் பாருங்கள். ஞாயிறு மதியம் இங்கிலாந்துப் பப்களில் வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பெரிய சாப்பாடு போடுவது வழக்கம். சைவ உணவுகளும் இருக்கும், நம் நாக்குக்குக் காரம் போதாது. முட்டை, சீஸ் விஷயத்தில் கண்டிப்பானவர்கள் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கார் இல்லாமல் எப்படிப் போவது?

லண்டன் பாடிங்டனிலிருந்து ட்ரூரோவுக்கு ரயிலில் நாலரை முதல் ஐந்து மணி நேரம். அங்கிருந்து ஃபால்மவுத் போகும் சிறு ரயில் பாதையில் பெரான்வெல், பென்ரின் நிலையங்கள் இருக்கின்றன. கடைசித் தூரத்துக்கு டாக்ஸி. திரும்பி வரும் டாக்ஸியையும் அப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

ஆனால் நான் சொல்லும் வழி நடை. மைலர் பிரிட்ஜ் கிராமத்திலிருந்து கரையோரமாகவே பாதை உண்டு. வயல், மரச்சோலை, கழியின் வளைவுகள் என்று போய்ச் சத்திரத்தில் வந்து சேரும். சாப்பிட்டுவிட்டு வேறு வழியாகத் திரும்பலாம். சுற்று முழுவதும் நடக்க இரண்டு மணி நேரம் போல ஆகும். மழை பெய்திருந்தால் சேறு, நல்ல செருப்பு போதாது, ஷூ வேண்டும். சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் ஏற்றத்தில் நேராக மிதவைத் துறைக்கே வந்து கட்டுகிறார்கள்.

அதே நாளில் வேறு என்ன பார்க்கலாம்?

மைலர் தேவாலய முற்றத்தில் ஓர் உயரமான பழைய கற்சிலுவை நிற்கிறது, கார்ன்வாலின் மிக உயரமானவற்றில் ஒன்று. கிங் ஹாரி படகுத்துறையில் இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கார்களை ஏற்றிக் கடக்கும் ஓடம் 1888இலிருந்து ஓடுகிறது. ஃபால்மவுத்தில் எட்டாம் ஹென்றி கட்டிய பென்டென்னிஸ் கோட்டை. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், ஓதம் ஏறி இறங்குவதை உட்கார்ந்து பார்க்க நேரம் வேண்டும்.

குளிர்காலத்தில் போனால் வீணா?

இல்லவே இல்லை. கூட்டம் இருக்காது, கணப்பு எரியும், சன்னலோர இடம் கிடைக்கும். நாலரை மணிக்கே இருட்டிவிடும் என்பதால் மதியத்துக்குள் போய்விடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஃபால் கழிமுகத்தில் சிப்பி எடுப்பது அக்டோபர் முதல் மார்ச் வரைதான். அங்கே எந்திரம் வைத்துச் சிப்பி வார அனுமதி இல்லை. பாயும் துடுப்பும் மட்டும். அதனால் சிப்பி அழியாமல் இருக்கிறது, பழைய மரப்படகுகளும் தொழிலில் இருக்கின்றன. சத்திரத்திலிருந்து கரையோரப் பாதையில் கேரிக் ரோட்ஸ் பக்கம் கொஞ்சம் நடந்தால், காற்றடிக்கும் காலை நேரத்தில் அந்தப் பாய்கள் மெதுவாகக் குறுக்கே போவதைப் பார்க்கலாம். கையுறை எடுத்துப் போங்கள்.